நிறத்தைக் கடைசியில் பாருங்கள்: சிங்கப்பூர்க் காடுகளில் கிளிகளை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

காட்டுக்குள் நீங்கள் காணப்போகும் முதல் கிளி பச்சையாக இருக்காது, கறுப்பாகத்தான் இருக்கும். புக்கிட் தீமாவின் உயர்ந்த மரங்களுக்கு மேலே வெளுத்த வானம் கண்ணைக் கூச வைக்க, அதன் குறுக்கே ஏதோ ஒன்று கீச்சிட்டபடி இரண்டு விநாடியில் கடந்து போகும். வாலின் நீளம் தெரியும், சிறகடிக்கும் வேகம் தெரியும், குரல் கேட்கும். ஆனால் பறவைப் புத்தகத்தின் வண்ணப்படத்தில் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் சிவந்த கன்னமோ, நீலத் தலையோ, மஞ்சள் முதுகோ கண்ணில் படாது. கிளி பார்க்கப் போகிறவர்கள் பலர் ஓரிரு முறை போய்விட்டு ஒன்றுமே தெரியவில்லை என்று சலித்துக்கொள்வதற்குக் காரணம், நிறத்தை முதலில் தேடுவதுதான். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது: முதலில் இடம், பிறகு குரல், பிறகு அளவும் வாலும், கடைசியாக நிறம். நிறத்திலும் உடல் முழுவதையும் பார்க்க வேண்டியதில்லை. எந்த இனத்திற்கு எந்த ஓரிடத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எவை இந்த மண்ணின் கிளிகள்

சிங்கப்பூர் வானில் இன்று பறக்கும் கிளி வகைகளில் இந்தத் தீவுக்கே உரியவை மூன்றுதான். நீண்டவால் கிளி, நீலமுடித் தொங்குகிளி, நீலப்பிட்டக் கிளி என்று அவற்றைத் தமிழில் அழைக்கலாம். ஆங்கிலக் கையேடுகளிலும் செயலிகளிலும் தேட விரும்புவோர் முறையே லாங்-டெயில்டு பாரகீட், புளூ-கிரவுண்ட் ஹேங்கிங் பேரட், புளூ-ரம்ப்டு பேரட் என்ற பெயர்களைத் தேடவேண்டும். மலாய் மொழியில் தொங்குகிளிக்குச் செரிண்டிட் என்று பெயர். உபின் தீவில் மூத்தவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுக்க நேர்ந்தால் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மற்றவை எல்லாம் கூண்டுப் பறவை வணிகத்தின் வழியாக வந்து, தப்பியோ விடுவிக்கப்பட்டோ இங்கேயே இனம் பெருக்கியவை. வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகளின் கீழேயும் சாலையோர மழைமரங்களிலும் மாலையில் இரைச்சலிடும் செம்மார்புக் கிளிகள், சாங்கியிலும் செந்தோசாவிலும் வெள்ளை வெளேரென்று பறக்கும் தனிம்பார் கொரெல்லாக்கள், அங்கங்கே காணப்படும் செந்தார்ப் பைங்கிளிகள் ஆகியவை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கடைசியாகச் சொன்ன செந்தார்ப் பைங்கிளியைத்தான் நாம் தமிழ்நாட்டுப் பச்சைக்கிளி என்று அறிவோம். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) முன்பு சிராங்கூன் சாலை நடைபாதையில் அமர்ந்திருந்த கிளி ஜோசியக்காரரின் கூண்டிலிருந்து வெளியே வந்து சீட்டெடுத்ததும் இந்த வகைதான். அதனால் தமிழர் வீடுகளில் எந்தப் பச்சைக் கிளியைக் கண்டாலும் "நம்மூர்க் கிளி" என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா, எங்கள் புளோக்கின் ஏழாம் மாடித் தாழ்வாரத்தில் நின்றபடி இருபது கிளிகளைப் பார்த்து அப்படித்தான் சொன்னார். நானும் ஆமாம் பெரியப்பா என்று தலையாட்டினேன். அவை இருபதும் செம்மார்புக் கிளிகள் என்பது எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதல் படி: இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

நிற்கும் இடமே பாதி அடையாளத்தைச் சொல்லிவிடும். நகர ஓரத்தில், சாலையோர மரத்தில், வீட்டு வளாகத்தில் கிளிக் கூட்டம் ஒன்றைக் கண்டால் அது செம்மார்புக் கிளியாகவோ நீண்டவால் கிளியாகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம். தொங்குகிளியும் நீலப்பிட்டக் கிளியும் அங்கே வருவது அரிது. அந்த இரண்டையும் தேடுகிறவர்கள் புக்கிட் தீமா இயற்கைவளக் காட்டுக்கும், அதையொட்டிய டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்கும், மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டுக்கும்தான் போகவேண்டும். நீண்டவால் கிளி இவ்விரண்டு உலகங்களுக்கும் நடுவே வாழ்கிறது: பூமலை என்னும் தாவரவியல் பூங்காவிலும், புக்கிட் பிரவுனிலும், சுங்கை பூலோவிலும், உபினிலும், சுவா சூ காங் சாலையோரங்களிலும் அதைப் பார்க்கலாம்.

காட்டுக் கிளிகளை அடிமரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதைவிட மர உச்சிக்கு நிகரான உயரத்தில் நின்று பார்ப்பதே பலன் தரும். மெக்ரிட்சிக் காட்டில் அதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, 250 மீட்டர் நீளமுள்ள மர உச்சித் தொங்குபாலம். அது குறுகலானது, ஒருவழிப்பாதை, பின்னால் வருகிறவர்கள் காத்திருப்பார்கள், நடப்பவர்களின் காலடிக்குப் பாலமே ஆடும்; எனவே காட்சிக்கு நல்லது, கிளிக்கு அவ்வளவு நல்லதல்ல என்பது என் கருத்து. மற்றொன்று, ஏழு மாடி உயரமுள்ள ஜெலுத்தோங் கோபுரம். இதன் மேல்தளத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றால், பறவைகள் நம் கண்மட்டத்துக்குக் கீழேகூடப் பறந்து போகும். அப்போது வானம் அல்ல, பச்சை இலைத்திரள் பின்னணியாக அமைவதால் நிறம் ஒழுங்காகத் தெரியும். கிளம்புவதற்கு முன் கோபுரமும் பாலமும் திறந்திருக்கின்றனவா என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஏழு மணிக்கு விடிந்து ஏழு மணிக்கு இருட்டுகிறது. காலை ஏழரை முதல் பத்து வரை காட்டுக்கு. மாலை ஆறு முதல் ஏழே கால் வரை நகரத்து உறங்கிடங்களுக்கு. நண்பகலில் கிளிகள் இலைக்குள் அமர்ந்து வாய் திறப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரம் எதிர்பாராத விதமாக நல்ல பலன் தருவதுண்டு, ஆனால் இடி இடிக்கும்போது கோபுரத்தின் மேல் நிற்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் படி: எடுத்துச் செல்ல வேண்டியவை

பைனாகுலர் ஒன்று கட்டாயம் தேவை. எட்டு மடங்கு பெரிதாக்கி, 42 மில்லிமீட்டர் முகப்பு ஆடி கொண்ட 8×42 வகையே காட்டுக்குப் பொருத்தமானது. நான் முதன்முதலில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கிய பன்னிரண்டு மடங்கு பைனாகுலரில் பறவையும் ஆடியது, கிளையும் ஆடியது, என் இதயத்துடிப்பும் தெரிந்தது. காட்சிப் பரப்பு குறுகலாக இருந்ததால் பறக்கும் கிளியைப் பிடிக்கவே முடியவில்லை. கேமரா வைத்திருப்பவர்கள், வெளுத்த வானத்தை எதிர்த்துப் படமெடுக்கும்போது வெளிச்ச அளவை ஒன்று முதல் இரண்டு புள்ளி வரை கூட்டி வைத்துக்கொண்டால், கறுப்பு நிழலாக விழும் பறவைக்கு ஓரளவு நிறம் திரும்பி வரும்.

குறிப்பேடு, பென்சில், தண்ணீர், கொசு மருந்து ஆகியவை போதும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். பையைக் கண்டால் குரங்குகளுக்கு உணவின் நினைவு வந்துவிடும்.

மூன்றாம் படி: காதால் தேடுதல்

சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளிகடி கருவியோடு பரண்மேல் இருப்பார்கள். கதிர்மேல் இறங்கிய பின் பச்சைக் கிளியைப் பச்சைப் பயிரில் தேடுவது எவ்வளவு கடினம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கூட்டம் வரும்போதே குரலைக் கேட்டுக் கவண் எடுத்திருப்பார்கள். நாம் விரட்டப் போவதில்லை என்றாலும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமை அதுவேதான்.

நீண்டவால் கிளி பறக்கும்போது எழுப்புவது சற்று இனிமை கலந்த, மேல்தொனியில் தொடங்கி இறங்கும் "பீயோ பீயோ" போன்ற குரல். செம்மார்புக் கிளியின் குரல் மூக்கால் பேசுவது போன்றது. திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஊதுகுழலை ஒரு குழந்தை விட்டு விட்டு ஊதினால் எப்படியிருக்குமோ அப்படி, குட்டையாக, கரகரப்பாக வரும். இவ்விரண்டையும் பிரித்தறியக் காட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. மாலை ஆறரைக்குச் சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு வெளியே அமர்ந்தால், செம்மார்புக் கிளிகள் தாமாகவே பாடம் நடத்தும். அந்த ஊதுகுழல் காதில் பதிந்த பிறகு, வேறுவிதமாகக் கேட்கும் நீண்டவால் கிளியின் குரல் எங்கிருந்தாலும் தனியாகத் தெரியும்.

தொங்குகிளியின் குரல் வேறு வகை. மெல்லிய, கூர்மையான, பூச்சி ஒலி போன்ற "த்ஸீ" என்ற ஒற்றை அசையை, பறந்துகொண்டே சொல்லிப் போகும். முதல் இருபது முறை அதை நீங்கள் தேன்சிட்டின் குரல் என்று எண்ணித் தள்ளிவிடுவீர்கள். குரல் ஓரிடத்தில் நிற்காமல் தலைக்கு மேலே நேர்கோட்டில் நகர்ந்து போகிறதா என்று கவனிப்பதே இதற்கான தந்திரம். நீலப்பிட்டக் கிளியும் கூர்மையாகத்தான் கீச்சிடும். ஆனால் தொங்குகிளியைவிடக் குரல் பருமனானது, சில வேளைகளில் சீட்டி போலவும் ஒலிக்கும்.

ஒலிக்கு இன்னொரு பொருளும் உண்டு. கிளிகள் சிக்கனமாகச் சாப்பிடும் பறவைகள் அல்ல. காற்று இல்லாத வேளையில் ஒரு மரத்திலிருந்து மட்டும் காய்த்துண்டுகளும் தோல்களும் பொட்டுப் பொட்டென்று விழுந்தால், அந்த மரத்தடியில் நின்றுவிடுங்கள். அணிலாகவும் இருக்கலாம், ஆனால் கிளியாக இருந்தால் அது அங்கேயே இன்னும் நெடுநேரம் இருக்கும். சாகா மரத்தை, அதாவது நாம் மஞ்சாடி அல்லது ஆனைக்குன்றிமணி என்று சொல்லும் மரத்தை, நீண்டவால் கிளிகள் விரும்பி நாடும். முறுக்கிக்கொண்ட காய்களைக் காலால் பற்றி அலகால் பிளந்து விதையை எடுக்கும் காட்சியை அங்கே அமைதியாகப் பார்க்கலாம். எண்ணெய்ப்பனைப் பழக்குலைகளிலும் அவை வந்து அமரும். தொங்குகிளிக்குத் தேனும் மென்பழங்களும் வேண்டும். தென்னம்பாளை விரிந்திருக்கும் இடத்திலும், நாவல் இனத்து மரங்கள் பூத்திருக்கும் இடத்திலும், அத்தி பழுத்த மரத்திலும் அதைத் தேடலாம்.

நான்காம் படி: அளவு, வால், பறக்கும் விதம்

அளவை எண்ணாக மனத்தில் வைப்பதைவிடத் தெரிந்த பறவையோடு ஒப்பிடுவது எளிது. உணவங்காடியில் மேசைக்கு மேசை தாவும் மைனாவை அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டவால் கிளியின் உடல் மைனாவை விடச் சற்றே பெரிது, அதோடு ஒரு நீண்ட வால். ஆண்பறவைக்கு வாலையும் சேர்த்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். செம்மார்புக் கிளி அதைவிடச் சற்றுக் குட்டை, உடல் தடிமன். நீலப்பிட்டக் கிளி மைனாவைவிடச் சிறிது. சுமார் 18 சென்டிமீட்டர், வால் குட்டை. தொங்குகிளியோ 12 சென்டிமீட்டர்தான், அதாவது சிட்டுக்குருவியைவிடச் சிறிது. கிளி என்றதும் நாம் எதிர்பார்க்கும் உருவத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பதால், கண்முன் இருந்தும் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

பறக்கும்போது பார்க்க வேண்டியது வால் ஒன்றைத்தான். ஈர்க்குச்சி போல வால் பின்னால் நீண்டு தெரிந்தால் அது பெரிய கிளிகளில் ஒன்று. வாலே இல்லாதது போல, யாரோ வீசியெறிந்த எலுமிச்சங்காய் போல விர்ரென்று போனால் அது தொங்குகிளியாகவோ நீலப்பிட்டக் கிளியாகவோ இருக்கவேண்டும். தொங்குகிளி சிறகை மிக வேகமாக அடித்து, இலேசாக ஏறி இறங்கிப் பறக்கும். நீலப்பிட்டக் கிளி நேராக, வேகமாகப் போகும். அது தலைக்கு மேலே கடக்கும் விநாடியில் இறக்கையின் அடிப்பக்கத்தை மட்டும் பாருங்கள். கறுத்த இறக்கையின் உட்புறத்தில் அக்குளை ஒட்டி ஒரு சிவப்புப் பரப்பு தெரிந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். கீழிருந்து பார்க்கும்போதும் நிறம் துணைசெய்யும் ஒரே காட்டுக் கிளி அதுதான்.

ஐந்தாம் படி: நிறம், தலையிலிருந்து தொடங்கி

அமர்ந்திருக்கும் கிளி கிடைத்துவிட்டால் அவசரப்படாதீர்கள். உடலின் பச்சையைப் பார்த்துப் பயன் இல்லை, எல்லாமே பச்சைதான். நீண்ட வாலுள்ள கிளி என்றால் அலகு, கன்னம், மார்பு என்ற மூன்று இடங்களை இதே வரிசையில் பாருங்கள்.

ஆண் நீண்டவால் கிளிக்கு மேலலகு பவளச் சிவப்பு, கீழலகு கருமை. உச்சந்தலை கரும்பச்சை. அதற்குக் கீழே கன்னம் முழுவதும் ரோஜாச் சிவப்பாகப் பூசினாற்போல் பிடரிவரை பரவியிருக்கும். மோவாயிலிருந்து கழுத்தின் பக்கவாட்டுக்கு ஒரு தடித்த கறுப்புப் பட்டை ஓடும். மேல்முதுகில் சாம்பல் கலந்த இளநீலம் படர்ந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் அந்த நீலமும் கன்னத்தின் சிவப்பும் சேர்ந்து தெரியும்போது, சிங்கப்பூரின் மிக அழகான கிளி இதுவே என்று சொல்லத் தோன்றும். நான் அப்படித்தான் சொல்கிறேன். பெண்பறவைக்கு வால் குட்டை, அலகு கருத்த பழுப்பு, கன்னச் சிவப்பு மங்கல், கழுத்துப் பட்டை கரும்பச்சை. குஞ்சுப்பருவம் கடந்த இளம்பறவைகள் பெரும்பாலும் பச்சையாக, கன்னத்தில் ஆரஞ்சு நிறத்தின் சாயல் மட்டும் ஏறியிருக்கும்.

செம்மார்புக் கிளிக்குத் தலை பச்சை அல்ல, நீலம் கலந்த சாம்பல். நெற்றியிலிருந்து இரு கண்களுக்கும் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மூக்குக்கண்ணாடியின் பாலம் போல ஓடும். அலகின் அடியில் பெரிய கறுப்பு மீசை. மார்பு சிவப்பு என்று பெயர் சொன்னாலும் உண்மையில் அது வெளிறிய செம்பருத்தி இதழின் நிறம். மடக்கிய இறக்கையின்மேல் மஞ்சட்பச்சைத் திட்டு ஒன்று இருக்கும். இந்த இனத்தில் அலகின் நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்ல முனைய வேண்டாம். ஆசியப் பெருநிலத்து வகையில் பெண்ணுக்குக் கறுத்த அலகு, ஜாவா வகையில் இரு பாலுக்குமே சிவந்த அலகு.

செந்தார்ப் பைங்கிளிக்குத் தலையும் பச்சை, மார்பும் பச்சை. ஆண்பறவையின் கழுத்தில் மட்டும் கறுப்பும் ரோஜா நிறமுமான வளையம். "செந்தார்ப் பைங்கிளி முன்கை ஏந்தி" என்று அகநானூறு சொல்லும் அந்தச் செந்தார் இதுதான். பெண்ணுக்கு வளையம் தெரியாது. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்: வளையமில்லாத பெண் செந்தார்ப் பைங்கிளியையும், மங்கலான பெண் நீண்டவால் கிளியையும் எப்படிப் பிரிப்பது? அலகையும் கன்னத்தையும் ஒன்றாகப் பாருங்கள். பச்சைக் கன்னத்தில் சிவந்த அலகு இருந்தால் செந்தார்ப் பைங்கிளி. சிவந்த கன்னத்தில் கருத்த அலகு இருந்தால் நீண்டவால் கிளி. இந்த ஒரு விதி என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது.

அடுத்துத் தொங்குகிளி. இதைப் பைனாகுலரில் நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகத்தான் வாய்க்கும் என்பதால், என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆணின் உச்சந்தலையில் நெற்றிப்பொட்டு இடம் மாறி மேலேறியது போல ஒரு கருநீலப் புள்ளி. தொண்டையில் செக்கச்சிவந்த திட்டு. மேல்முதுகில் பொன்மஞ்சள் தீற்றல். கீழ்முதுகில் ஒரு மஞ்சள் பட்டை, அதை ஒட்டிப் பிட்டத்தில் மீண்டும் சிவப்பு. அலகு கறுப்பு. பெண்ணுக்குத் தொண்டைச் சிவப்பு கிடையாது, நீலப் பொட்டும் மங்கல். ஆனால் பிட்டத்துச் சிவப்பு அதற்கும் உண்டு. ஆகவே ஆணோ பெண்ணோ, பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ஒருமுறை டெய்ரி ஃபார்ம் பக்கம் அத்தி மரம் ஒன்றின் கீழே காத்திருந்தபோது, கிளை நுனியில் வாடிய இலை ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அந்த இலை மெதுவாகக் கழுத்தை நீட்டி ஒரு பழத்தைக் கொத்தியது. தொங்குகிளி உண்ணும்போதும் தலைகீழாகத் தொங்கும், உறங்கும்போதும் வௌவாலைப் போலத் தலைகீழாகவே தொங்கும். பெயர் வந்த காரணம் அதுவே. கூடு கட்டும் காலத்தில் இன்னொரு விந்தையும் உண்டு: பெண்பறவை இலையை நாராகக் கிழித்து, அலகில் கவ்விக்கொண்டு போகாமல், பிட்டத்து இறகுகளுக்கு இடையே செருகிக்கொண்டு மரப்பொந்துக்குப் பறக்கும். சிவந்த பிட்டத்திலிருந்து பச்சை நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பறவையைக் கண்டால் அருகில் கூடு இருக்கிறது என்று பொருள். அங்கிருந்து விலகி நில்லுங்கள்.

நீலப்பிட்டக் கிளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதைப் பார்ப்பது சிங்கப்பூரில் இப்போது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆணுக்கு நீலத் தலை, சிவந்த மேலலகு, கருமை கலந்த முதுகு, பளிச்சென்ற நீலப் பிட்டம், இறக்கை இறகுகளில் மஞ்சள் விளிம்பு, தோளில் ஒரு சிறு சிவப்புத் திட்டு. பெண்ணுக்குப் பழுப்புத் தலை, பழுப்பு அலகு. உயர்ந்த மரங்களின் உச்சியில் இலையோடு இலையாக அமர்ந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம். பறக்கும்போது இறக்கையடியின் சிவப்பைப் பிடிப்பதே நடைமுறையில் கைகொடுக்கும்.

வெள்ளைக் கிளிகள்

இவற்றில் குழப்பம் குறைவு. தனிம்பார் கொரெல்லா இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளுக்குரியது. அலகு வெளிறியது, கொண்டை குட்டையானது, கண்ணுக்கும் அலகுக்கும் இடையே இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். மஞ்சள்கொண்டைக் காக்கட்டூவுக்கு அலகு கறுப்பு, கொண்டை மஞ்சள். தன் தாயகமான இந்தோனேசியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை, தான் பிறவாத நமது தீவில் சிறு எண்ணிக்கையில் உலவுகிறது என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி. பெரிய உருவமும் பல வண்ணமும் கொண்ட மக்காவ் கிளி ஒன்று புளோக்குகளுக்கு நடுவே பறந்தால், புதிய இனம் கண்டுபிடித்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது யாரோ பயிற்சி கொடுத்துப் பறக்கவிட்ட வளர்ப்புப் பறவை, கீழே எங்காவது அதன் உரிமையாளர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

கிளியைப் போல ஏமாற்றுபவை

சிங்கப்பூரில் பச்சை நிறப் பறவைகளுக்குப் பஞ்சமில்லை. மிகுதியாக ஏமாற்றுவது ஊதாக்கழுத்துப் பச்சைப்புறா. ஆண்புறாவுக்குச் சாம்பல் தலை, இளஞ்சிவப்புக் கழுத்து, ஆரஞ்சு மார்பு. வண்ணத்தை மட்டும் பார்த்தால் கிளியைவிடக் கிளியாக இருக்கும். ஆனால் அலகு வளைந்து கொக்கியாக இராது, குரலும் கீச்சிடாது. பழமரத்தில் அரவமில்லாமல் உட்கார்ந்திருக்கும். காட்டுக்குள் குக்குறுவான்களும் பச்சைதான். அவை தடித்த நேரலகோடு ஓரிடத்தில் அமர்ந்து நெடுநேரம் ஒரே தாளத்தில் கூவும். தொங்குகிளியோடு குழம்புவது பச்சைச்சிட்டு. அது தொங்குகிளியைவிடச் சற்றுப் பெரிது என்றாலும் உச்சிமர வாழ்க்கை ஏறக்குறைய ஒன்று, பெண்பறவை முழுப் பச்சை. அதன் அலகு மெல்லியது, நீண்டது, நுனியில் மட்டும் சற்றே வளைந்தது. ஓராண்டுக்கு மேலாக நான் தொங்குகிளி என்று பெருமையோடு காட்டிக்கொண்டிருந்த ஒரு புகைப்படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அந்த மெல்லிய அலகு தெரிந்தது. அன்றிலிருந்து, அலகு தெரியாத படத்துக்குப் பெயர் வைப்பதில்லை.

காட்டில் நடந்துகொள்ளும் முறை

கிளிகள் தம் பொந்தைத் தாமே முதலிலிருந்து குடைவதில்லை. மரங்கொத்தி விட்டுச் சென்ற துளையையோ, பட்டுப்போன மரத்தின் உளுத்த பகுதியையோ நம்பித்தான் அவை குஞ்சு பொரிக்கின்றன. நகரத்தில் பட்ட மரங்கள் பாதுகாப்புக் காரணத்துக்காக வெட்டப்படுகின்றன. மிஞ்சிய பொந்துகளுக்குச் செம்மார்புக் கிளிகளும் நீண்டவால் கிளிகளும் மைனாக்களும் போட்டியிடுகின்றன. உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டுள்ள நீண்டவால் கிளிக்கு இந்தப் போட்டி சிறிய விஷயமல்ல. பொந்து ஒன்றைக் கண்டால் அதற்கு நேர் கீழே கேமரா முக்காலியை நிறுத்தி மணிக்கணக்கில் நிற்காதீர்கள். தாய்ப்பறவை எதிர் மரத்தில் உட்கார்ந்து உள்ளே போக அஞ்சிக்கொண்டிருக்கும். இடத்தைச் சமூக ஊடகத்தில் எழுதவும் வேண்டாம். கைத்தொலைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் தவிர்க்கவேண்டும்.

காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் உணவளிப்பது சிங்கப்பூரில் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். பிரசாதமாக மிஞ்சிய பழத்தை மரத்தடியில் வைப்பதும் இதற்குள் அடங்கும் என்பதை நம் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆறாம் படி: எழுதி வைத்தல்

பறவையைப் பார்த்த உடனே புத்தகத்தையோ செயலியையோ திறக்காதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டால், பார்க்காத அடையாளங்களையும் பார்த்ததாக மனம் சொல்லத் தொடங்கிவிடும். முதலில் குறிப்பேட்டில், பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். பெயர் கடைசி வரியில் வரட்டும். மெர்லின், ஈபேர்ட் போன்ற செயலிகள் அதன்பிறகு ஒப்பிட்டுச் சரிபார்க்க உதவும். மெர்லின் குரலை வைத்துத் தரும் பெயரை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தை மாதிரிக்குத் தருகிறேன்.

"ஜெலுத்தோங் கோபுரம், மேல்தளம். காலை 8.20. மழைக்குப் பின், மேகமூட்டம். கண்மட்டத்துக்குக் கீழே, இடமிருந்து வலமாக, இரண்டு பறவைகள். சிட்டுக்குருவி அளவு. வால் தெரியவில்லை. சிறகடிப்பு மிக வேகம், இலேசாக ஏறி இறங்கிற்று. பறக்கும்போதே 'த்ஸீ', நான்கு முறை. முன்னால் சென்றதன் பின்புறத்தில் சிவப்பு. அதற்கு மேலே மஞ்சள் இருந்ததா, உறுதியில்லை. தொண்டை தெரியவில்லை. தொங்குகிளி, இரண்டு, ஆணா பெண்ணா எழுதவில்லை."